ஒன்றைக் கூட்டும் வரி

ஆறு மாதம் நான் ஒரு வரிக்காகச் சண்டை பிடித்தேன். எனக்கு வயது நாற்பத்து நான்கு. கல்லடியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் நடக்கும் மென்பொருள் அலுவலகத்தில் எல்லாரிலும் மூத்தவன் நான்தான், எல்லாரிலும் புதியவனும் நான்தான். சண்டை பிடித்தது என்னைவிடப் பதினெட்டு வயது குறைந்த ஒரு பெண்பிள்ளையோடு. எதற்கென்றால், ஓர் எண்ணோடு ஒன்றைக் கூட்டுவதை எப்படி எழுதுவது என்பதற்கு. இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. யார்மேல் என்று கேட்டால் சொல்வது கஷ்டம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கணினியிடம் ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும்போது, இது எத்தனையாவது தடவை என்பதை அது எங்காவது வைத்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்துக்கு i என்று பெயர் வைப்பது வழக்கம். ஒவ்வொரு சுற்று முடியவும் i-யில் ஒன்று கூட வேண்டும். அதை i = i + 1 என்று எழுதலாம். i += 1 என்று சுருக்கலாம். i++ என்று இன்னும் சுருக்கலாம். கூட்டல் குறிகளை முன்னால் போட்டு ++i என்றும் எழுதலாம். தனியே ஒரு வரியில் நிற்கும்போது இந்த நான்கும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. மயிரிழை வித்தியாசம் கிடையாது. இது எனக்கு முதல் நாளே தெரியும், அந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் i = i + 1 ஆள். கத்தாரில் பதினொரு வருடம் ஒரு களஞ்சியத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். அங்கே எக்செல் தாளுக்குள் சின்னச் சின்ன மேக்ரோ எழுதப் பழகினேன். எந்த றாக்கைத் தட்டில் என்ன பெட்டி இருக்கிறது, எது முடியப் போகிறது என்று அது தானே தேடிச் சொல்லும். அந்த மேக்ரோ மொழியில் ++ என்ற சாமானே இல்லை. i-யில் இருப்பதை எடு, ஒன்றைக் கூட்டு, திரும்ப i-யிலேயே வை என்று முழுசாக எழுத வேண்டும். எனக்கு அதுதான் பிடிக்கும். வரியைப் பார்த்தாலே என்ன நடக்கிறது என்று தெரியும். மற்றதெல்லாம் எனக்குச் சோம்பேறிகளின் எழுத்தாகத் தெரிந்தது.

ஊருக்குத் திரும்பி வந்ததற்குக் காரணம் மகள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்தவன் பெட்டியோடு அங்கே போய்ச் சேருவான். அப்படித் தன்னாமுனையில் மனைவியின் வீட்டுக்குப் போனவன், பதினாலு வருடத்தில் நான் அங்கே இருந்த காலத்தையெல்லாம் சேர்த்தால் நாலு வருடம் வராது. மகளுக்குப் பத்து வயது. அவளுக்கு ஒரு பென்சில் வேண்டுமென்றால் தாயிடம் சொல்வாள், தாய் என்னிடம் சொல்வாள். ஒரே அறைக்குள் மூன்று பேரும் இருக்கும்போதும் அப்படித்தான். இதைச் சரி செய்யாமல் செத்துப் போகக்கூடாது என்று நினைத்துத்தான் வந்தேன். ஒரு வருடம் வீட்டிலிருந்து இணையத்தில் படித்து, நாற்பது விண்ணப்பம் போட்டு, கடைசியில் இந்த ஒரு இடம் கூப்பிட்டது.

தகுதிகாண் காலம் ஆறு மாதம். நிரந்தரமாக்கினால் வீட்டோடு இருக்கலாம். இல்லாவிட்டால் திரும்பவும் கத்தார்தான். அங்கே இருக்கும் மனைவியின் அண்ணன் தன் கம்பெனியில் எனக்கு ஒரு இடம் சொல்லி வைத்திருந்தார். ஆறாவது மாத முடிவில் ஓம் அல்லது இல்லை என்று பதில் சொல்லிவிட வேண்டும், அதற்கு மேல் அவராலும் பிடித்து வைக்க முடியாது. வீட்டில் அந்தத் தேதி எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

அலுவலகத்தில் ஒரு நடைமுறை உண்டு. நீங்கள் எழுதியது நேரே போய் வேலையில் சேராது. வேறொருவர் அதைத் திறந்து வரி வரியாகப் பார்க்க வேண்டும். பிடிக்காத இடத்தில் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவார். பிடித்தால் அப்ரூவ் என்ற பச்சைப் பொத்தானை அழுத்துவார். என் எழுத்தைப் பார்க்க வேண்டியவர் எங்கள் டீம் லீட், முதலில் சொன்ன அந்தப் பெண்பிள்ளை. ஊர் செங்கலடி, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் படித்தவர், தினமும் பஸ்ஸில் வருவார். நான் முதன்முதல் எழுதி அனுப்பியதில் அவர் போட்டது ஒரே ஒரு குறிப்பு. i = i + 1 என்ற இடத்தில் i++ போடச் சொல்லி.

எழுந்து அவருடைய மேசைக்கே போனேன்.

"தங்கச்சி, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"வித்தியாசம் ஒண்டும் இல்ல அண்ணா. எல்லாரும் ஒரே மாதிரி எழுதினா வாசிக்க லேசு."

"வித்தியாசம் இல்லாட்டி நான் எழுதினது அப்படியே இருக்கட்டுமே."

"வித்தியாசம் இல்லாட்டி மாத்துறதுக்கு என்ன அண்ணா?"

என் கேள்வியையே எனக்குத் திருப்பிப் போட்டார். அதுதான் எரிச்சலைக் கிளப்பியது. அன்று மாற்றிக் கொடுத்தேன். அடுத்த முறை திரும்பவும் என் பாணியிலேயே எழுதினேன். அது திரும்பி வந்தது. நான் கீழே நீளமாகக் காரணம் எழுதினேன். அவர் பதிலுக்கு ஒரு வரி எழுதினார். நான் இன்னும் நீளமாக எழுதினேன். தங்கச்சி என்று அவரைக் கூப்பிட்டதில் பாசம் மட்டும் இருந்தது என்று சொன்னால் பொய். வயதைக் காட்டி ஆளை அடக்கப் பார்த்தேன். அவர் அண்ணா என்று எழுதுவதை ஒருபோதும் விடவில்லை, குறிப்பையும் விடவில்லை.

மதியச் சாப்பாட்டு மேசைக்கும் விஷயம் வந்தது. எனக்கு எதிரே இருந்து சாப்பிடும் காத்தான்குடிக்காரர் ஒருவர். என்னை அண்ணன் என்று கூப்பிடுவார், அலுவலகத்தில் எல்லாரிலும் கெட்டிக்காரர். அவர் முன்பு ++ இல்லாத வேறொரு மொழியில் வேலை செய்தவர். அதனால் i += 1 கட்சி. இன்னொருவர், வளாகத்தில் யாரோ விரிவுரையாளர் எப்போதோ சொன்னார் என்று ++i-தான் வேகம் என்றார். எவ்வளவு வேகம் என்று கேட்டேன். அது தெரியாது, ஆனால் வேகம் என்றார். இறால் குழம்பில் கை வைத்தபடி மூன்று பேரும் ஒன்றைக் கூட்டுவது பற்றி அரை மணி நேரம் கதைத்தோம். சோறு ஆறிப் போனது. டீம் லீட் அந்த மேசைக்கு வரவில்லை. கையைக் கழுவிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

காத்தான்குடிக்காரர் எழும்பும்போது மெதுவாகச் சொன்னார்.

"அண்ணன், ஒங்களுக்கு அந்த எழுத்து முக்கியமா, இந்த வேல முக்கியமா?"

"ரெண்டும் முக்கியம்தான்."

அவர் சிரித்தார். எனக்குப் பிடிக்கவில்லை.

நாலாவது மாதம் டீம் லீட் என் மேசைக்கு வந்து நின்றார். கையில் தண்ணீர்ப் போத்தல். கதைக்கத் தயங்குகிற ஆள் இல்லை, அன்று தயங்கினார்.

"அண்ணா, மூண்டு தரத்துக்கு மேல திரும்பி வாற வேலையெல்லாம் தனியா ஒரு பட்டியலில ஏறுது. அத நான் எழுதிறல்ல. சிஸ்டம் தானா எழுதுது. ஒங்கட பேருக்கு எட்டு இருக்கு."

"அப்ப திருப்பி அனுப்பாம விடுங்க."

"அப்படி விடேலா அண்ணா. மறுகா மத்தாக்களுக்கும் விடணும். சேர் ஆறாம் மாசம் அந்தப் பட்டியலத்தான் பாப்பார். அதான் சொன்னன்."

சேர் என்றது அலுவலகப் பொறுப்பாளரை. என்னை நிரந்தரமாக்குவதா இல்லையா என்பது அவர் கையில். அந்தப் பிள்ளை எனக்கு உதவி செய்ய வந்தது என்பது இன்றைக்கு எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அன்று எனக்கு அது மிரட்டலாகத்தான் கேட்டது. சின்னப் பிள்ளை வந்து எனக்குப் பயம் காட்டுகிறது என்று நினைத்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வாவியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மனம் ஆறவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம், வேலை நன்றாகப் போகிறது என்றேன்.

ஐந்தாவது மாதம் முடியும்போது பட்டியலில் என் பேருக்குப் பன்னிரண்டு. எட்டுக்குப் பிறகாவது விட்டிருக்கலாம். விடவில்லை. ஒவ்வொரு முறையும் இது கடைசி என்று நினைப்பேன், கை என் பாணியிலேயே எழுதும், அது திரும்பி வரும், எனக்குச் சூடேறும். என்னைப் போல் ஒரு மடையன் இருக்க முடியாது. வீட்டில் ஒரு பிள்ளை அப்போதுதான் என்னிடம் நேரே கதைக்கத் தொடங்கியிருந்தது. அப்பா, சைக்கிளுக்குக் காத்துப் போகுது என்று ஒருநாள் தாயை விட்டுவிட்டு என்னிடமே வந்து சொன்னது. அப்படி ஒரு நாளைக்கு அடுத்த நாளும் நான் அலுவலகத்தில் உட்கார்ந்து i = i + 1-க்கு நியாயம் எழுதிக்கொண்டிருந்தேன்.

கடைசியில், ஆறாவது மாதமும் முடியப் போகிற நேரம், பணிந்து போவதென்று முடிவு செய்தேன். மனதாரப் பணியவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு பணிந்தேன். அந்த வாரம் எனக்குக் கிடைத்த வேலை வெளிநாட்டுப் பல் வைத்தியசாலை ஒன்றுக்கானது. நோயாளி ஒருவர் பதியும்போது, அன்றைய நேரங்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுக்க வேண்டும். காலியாக இருந்தால் அதோடு நிறுத்து, இல்லாவிட்டால் i-யில் ஒன்றைக் கூட்டி அடுத்ததைப் பார். பத்து வரி வேலை. ஒன்றைக் கூட்டும் வரிக்கு வந்ததும் கை பழக்கத்தில் i = என்று எழுதிவிட்டது. அங்கே நிறுத்தினேன். சரி, உனக்கு ++ தானே வேண்டும், இந்தா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு மிச்சத்தை அவர் பாணியில் முடித்தேன். வரி இப்படி நின்றது: i = i++.

பார்க்க ஒன்றும் பிழை தெரியாது. கணினியும் முறைப்பாடு செய்யாது. ஆனால் அந்த வரி என்ன செய்யுமென்றால், i-யின் பழைய எண்ணை ஒரு பக்கம் எடுத்து வைக்கும், i-யில் ஒன்றைக் கூட்டும், பிறகு எடுத்து வைத்த பழைய எண்ணைத் திரும்ப அதன்மேல் போட்டுவிடும். கூட்டியது கூட்டிய கையோடு அழிந்துவிடும். i நின்ற இடத்திலேயே நிற்கும். முழுக்க என் பாணியில் எழுதியிருந்தால் வேலை செய்திருக்கும். முழுக்க அவர் பாணியில் எழுதியிருந்தாலும் வேலை செய்திருக்கும்.

சோதித்துப் பார்த்தேனா என்றால், பார்த்தேன். சோதனைக்கு நான் வைத்திருந்த நாளில் முதல் நேரமே காலி. முதல் நேரத்தைக் கொடுத்துவிட்டு நின்றது, ஒன்றைக் கூட்டும் வரிக்கு அது போகவே இல்லை. டீம் லீடுக்கு அனுப்பினேன். ஒரு நிமிடத்துக்குள் பச்சைப் பொத்தான் அழுத்தப்பட்டு வந்தது. அத்தனை மாதத்தில் குறிப்பே இல்லாமல் போன என் முதல் வேலை. கீழே ஒரு சிரித்த முகப் பொம்மை வேறு போட்டிருந்தார். பார்த்தாயா, இந்த இரண்டு குறிக்காகத்தான் இவ்வளவும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை நாங்கள் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கும்போது அவர்களுக்கு அங்கே காலை. வைத்தியசாலை திறந்தது. முதல் நேரத்தை ஒருவர் எடுத்தார், அதுவரை பிரச்சினை இல்லை. இரண்டாவது ஆள் பதியப் போனதும் பக்கம் உறைந்து நின்றது. மூன்றாவது ஆளுக்கும் அப்படியே. முதல் நேரம் காலியா, இல்லை. முதல் நேரம் காலியா, இல்லை என்று அது ஓயாமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தது. அங்கே பல்வலியோடு வந்தவர்களை வரிசையில் நிற்க வைத்துக் கடதாசியில் பேர் எழுதியிருக்கிறார்கள். காத்தான்குடிக்காரர் பத்து நிமிடத்தில் வரியைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார், விரலால் திரையைத் தொட்டுக் காட்டினார். நான் பார்த்தேன். அவர் அந்த வரியை i += 1 என்று மாற்றி அனுப்பிவிட்டு, கதிரையை நகர்த்தினார்.

புதன்கிழமை சேர் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். எழுதியவனும் அப்ரூவ் பண்ணியவரும் சேர்ந்து வர வேண்டும் என்பது அங்கே முறை. நான் வெறும் கையோடு போகவில்லை. ஆறு மாதமாக அந்தப் பிள்ளை எழுதிய குறிப்புகளையெல்லாம் போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். வற்புறுத்தி வற்புறுத்தி என் கையைக் குழப்பியது யார் என்று அவற்றைக் காட்டிக் கேட்பதுதான் திட்டம். சேரின் அறிக்கையில் காரணம் எழுதும் இடத்தில் அந்தப் பேரும் வந்தால் என் பேரில் உள்ள கறை கொஞ்சம் வெளுக்கும். அப்படித்தான் கணக்குப் போட்டேன். கத்தாருக்குப் போகாமல் இருக்க எனக்கு அது ஒன்றுதான் மிச்சம் என்று பட்டது.

சேர் கேட்டார். "இத ஆர் பார்த்தது?"

"நான்தான் சேர்," என்றார் அவர். "வாசிக்கல்ல. ++ இருக்கா எண்டு மட்டும்தான் பார்த்தன். இருந்திச்சு. சந்தோசத்தில அமத்திட்டன். அண்ணா எழுதினது பிழைதான், ஆனா பிழையப் பிடிக்கத்தானே என்ன வெச்சிருக்கிற. அது என்ட பிழை."

போன் என் சட்டைப் பையில் இருந்தது. எடுக்க முடியவில்லை. நானும் என் பங்கைச் சொன்னேன். சேர் இரண்டு பேரும் சொன்னதை எழுதிக்கொண்டார். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். களைத்துப் போனவர் மாதிரிக் கதைத்தார். எனக்குத் தகுதிகாண் காலம் இன்னும் மூன்று மாதம் நீடிக்கும். அந்த மூன்று மாதமும் பட்டியலில் என் பேர் ஏறக்கூடாது. டீம் லீடிடமிருந்து அப்ரூவ் பண்ணும் பொறுப்பை எடுத்துக் காத்தான்குடிக்காரரிடம் கொடுத்தார். வைத்தியசாலையின் கணினிப் பிரிவுக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். இனி எங்கேயும் ++ வரக்கூடாது, i = i + 1-ம் வேண்டாம், எல்லாம் i += 1.

வெளியே வந்ததும் அந்தப் பிள்ளையிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். தங்கச்சி என்று தொடங்கினேன். "பறவால்ல அண்ணா, பஸ்ஸுக்கு நேரமாகுது" என்று பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். கண் கலங்கியிருந்தது. ஒன்றரை வருடம் உழைத்து எடுத்த பொறுப்பு அது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கத்தாரில் இருக்கும் மச்சானுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் வெள்ளிக்கிழமை. மூன்று மாதம் பொறுக்கச் சொன்னால் அந்த இடம் போய்விடும். இங்கே மூன்று மாதம் கழித்து வைத்திருப்பார்கள் என்று யார் சொல்ல முடியும். இனி மறைக்க வழியில்லை. அன்று பின்னேரமே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முற்றத்தில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். மகள் ரியூஷனுக்குப் போயிருந்தாள். நான் நாலு விதமான எழுத்தையும் ஒரு கடதாசியில் எழுதிக் காட்டி, எது ஏன் நல்லது என்று விளங்கப்படுத்தினேன். விளங்காது என்று நினைத்தேன். அவள் ஈரக் கையோடு கடதாசியை வாங்கிப் பார்த்தாள்.

"நீங்க எழுதினாலும் ஒண்டுதானே கூடும்?"

"ஓம்."

"அந்தப் புள்ள சொன்ன மாதிரி எழுதினாலும்?"

"ஓம்."

"இப்ப அவங்க சொல்ற மாதிரி எழுதினா?"

"அதுவும் அப்படித்தான்."

"வேற ஒரு வித்தியாசமும் இல்லயா?"

"இல்ல."

அவள் கடதாசியை மடித்தாள். சத்தம் போடவில்லை.

"அப்ப இதுக்குத்தானா எங்கள ஈடு வெச்சு ஆறு மாசம் சண்ட பிடிச்ச நீங்க?"

அவள் உள்ளே போய்ப் போனை எடுத்தாள். வாசலில் நின்று அண்ணனுக்குக் கோல் எடுத்தாள். நான் முற்றத்தில் நின்று கேட்டேன்.

"அண்ணா, இவர் வரல்ல. அந்த இடத்துக்கு வேற ஆளப் பாருங்க. இல்ல, யோசிச்சிட்டம். வரல்ல."

போனை வைத்துவிட்டு வந்து மிச்ச உடுப்பை எடுத்தாள். "நாளைக்குப் போய் அவங்க சொல்ற மாதிரி எழுதுங்க" என்று கொடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். இருக்கப் போகிறீர்களா, போகப் போகிறீர்களா என்று அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மறுபடியும் காரணம் சொல்லத் தொடங்கியிருப்பேன்.